ரசீதைத் திருப்பித் தடவினால்: அச்செழுத்து பிறந்த கதையும் நீலகிரிக்கு அது ஏறி வந்த வழியும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை போடுகிறவர்கள் வீட்டில் பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றாவது கிடக்கும். அதில் ஒரு தாளைத் திருப்பி, கடையின் பெயரும் கட்டங்களும் இருக்கும் இடத்தைப் பின்பக்கமாகத் தடவுங்கள். பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். அப்புறம் மூலையில் உள்ள வரிசை எண்ணுக்குப் பின்னால் தடவுங்கள். விரலில் மேடு தட்டுப்படும். மற்றதெல்லாம் ஆஃப்செட்டில், அதாவது வழவழப்பான தட்டிலிருந்து ரப்பர் உருளை வழியே மை ஏறும் முறையில் அச்சானது. எண் மட்டும் உலோகத்தில் புடைத்து நின்று, மை தொட்டு, தாளில் அழுந்திப் பதிந்தது. ஆயிரம் ஆண்டுக்கு அருகில் வயதான ஒரு தொழில்நுட்பம் அந்த மேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் மூன்று பதில் வருகிறது. பள்ளிப் பாடம் குட்டன்பர்க் என்கிறது. கைப்பேசியில் சுற்றும் செய்தி கொரியா என்றும் சீனா என்றும் சொல்கிறது. நம்மூர் மேடையில் ‘இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ்’ என்கிறார்கள். மூன்றுமே சரிதான். ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில், அதனால்தான் குழப்பம். கேள்விகளைப் பிரித்துவிட்டால் இன்னொன்றும் தெரியும். அச்சின் விளைவைத் தீர்மானித்தது யார் முந்தியவர் என்பதல்ல. எழுத்தை வார்க்கும் வசதி யார் கையில் இருந்தது என்பதே.

முதலில் நான்கு சொற்கள்

1. மரப்பலகை அச்சு: ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, தாளை ஒற்றி எடுப்பது. பலகை அந்த ஒரு பக்கத்துக்கு மட்டுமே உதவும்.

2. அச்செழுத்து: ஒவ்வொரு எழுத்தும் தனித்தனித் துண்டு. சேர்த்தால் பக்கம், பிரித்தால் மறுபடி எழுத்து. ‘கம்பனி’யில் நின்ற அதே க நாளை ‘கல்யாண’த்தில் நிற்கும்.

3. வார்ப்பு: உருகிய உலோகத்தை ஊற்றி, ஒரே எழுத்தை நூறு, ஆயிரம் என்று ஒன்றுபோல எடுப்பது.

4. கோர்ப்பு: கேஸ் என்னும் அறை அறையாகத் தடுத்த தட்டிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி வரி கட்டுவது. இதைச் செய்பவர் கம்பாசிட்டர், அதாவது அச்சுக் கோர்ப்பவர். இடது கையில் கோல், வலது கையில் எழுத்து. வரி அவர் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும். எழுத்துத் துண்டின் உடம்பில், ஒரு பக்கத்தில் சிறு வெட்டு இருக்கும். அது மேலே பார்க்கிறதா என்று பெருவிரலால் தொட்டே எழுத்து நேராக நிற்கிறதா என அறிந்துகொள்வார்.

மூன்று ஊர், மூன்று விடை

தனித்தனி எழுத்து என்ற எண்ணம் சீனாவில் பிறந்தது. 1040களில் பி ஷெங் என்னும் கைவினைஞர் களிமண்ணில் எழுத்து செதுக்கிச் சுட்டு, இரும்புத் தட்டில் பிசினும் மெழுகும் இட்டு அடுக்கினார். ஒரு தட்டு அச்சாகும்போது அடுத்த தட்டு தயாராகும். ஷென் குவோ என்ற அறிஞர் இதை எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. இரண்டு மூன்று பிரதிக்கு இந்த முறை லாபமில்லை, நூறும் ஆயிரமும் அடிக்கும்போதுதான் வேகம் தெரியும் என்று அவர் அன்றே குறித்திருக்கிறார். பின்னால் வாங் ஜென் மரத்தில் 60,000 எழுத்துகள் வரை செய்து, சுழலும் மேசைகளில் அடுக்கி வைத்தார்.

உலோக எழுத்தில் அச்சாகி இன்று வரை தப்பியிருக்கும் மிகப் பழைய நூல் கொரியாவின் ஜிக்ஜி. ஆண்டு 1377. இப்போது பாரிஸில், பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் பக்கத்துக்கு 42 வரி கொண்ட பைபிளை முடித்தது 1455 வாக்கில். ஜிக்ஜிக்கு அதைவிட ஏறக்குறைய 80 வயது கூடுதல். இரண்டையும் உலக நினைவுப் பதிவேட்டில் யுனெஸ்கோ சேர்த்தது ஒரே ஆண்டில், 2001-ல்.

அப்படியானால் கொரியாவில் ஏன் புத்தகம் வெள்ளமாகப் பாயவில்லை? அங்கே எழுத்து வார்ப்பது அரசின் வேலை. 1403-ல் அரசு வார்ப்புச்சாலை அமைந்தது. 1434-ல் செஜோங் மன்னர் காலத்தில் சுமார் 2 லட்சம் எழுத்துகள் வார்த்தார்கள். அச்சான நூல்கள் அதிகாரிகளுக்கும் கல்விக்கூடங்களுக்கும் போயின. சந்தைக்கு வரவில்லை. சீனத்தில் காரணம் வேறு. பல்லாயிரம் எழுத்து என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, மரப்பலகையைப் பரணில் போட்டு வைத்து, ஆள் கேட்கும்போது பத்துப் பிரதி அடித்துக்கொள்ளலாம். அச்செழுத்தில் அது நடக்காது. பக்கம் அச்சானதும் கலைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு எழுத்து இருக்காது. எத்தனை பிரதி விற்கும் என்று முன்கூட்டியே துணிந்து, தாளுக்கும் ஈயத்துக்கும் முதல் போட வேண்டும்.

முதல் போடுவதுதான் இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. குட்டன்பர்க்குக்குக் கடன் கொடுத்தவர் ஜோஹன் ஃபுஸ்ட். பைபிள் முடியும் தறுவாயில், 1455-ல், அவர் வழக்குப் போட்டு வென்றார். பட்டறையும் பைபிளும் கடன் கொடுத்தவர் கைக்குப் போயின. அச்சடிக்கப்பட்ட சுமார் 180 பிரதிகளில் 50-க்குச் சற்றுக் குறைவானவை மிஞ்சியிருக்கின்றன.

ஈயத்தின் கணக்கு

குட்டன்பர்க்கின் பங்கு ‘எழுத்தைப் பிரித்தது’ அல்ல. திராட்சை பிழியும் திருகு மரத்தைப் போன்ற அழுத்தும் எந்திரம், உலோகத்தில் ஒட்டும் எண்ணெய் மை, வார்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே பட்டறையில் சேர்த்தது. மூன்றில் வார்ப்புதான் நின்று பார்க்க வேண்டியது.

பின்னாளில் ஐரோப்பிய வார்ப்புச்சாலைகளில் நிலைபெற்ற முறை இப்படி நடக்கும். எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்குவார்கள். அதைச் செம்புத் துண்டில் ஓங்கி அடித்தால் பள்ளம் விழும். அதுதான் தாய் அச்சு. அதைக் கைக்கடக்கமான ஒரு வார்ப்புப் பெட்டியின் அடியில் பொருத்தி, உருகிய உலோகத்தை ஊற்றி ஒரு குலுக்கு. திறந்தால் எழுத்து. இந்தப் பெட்டியின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம், உயரத்தை மாற்ற முடியாது. அதனால் டி அகலமாகவும் ர ஒடுக்கமாகவும் இருக்கலாம், ஆனால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். ஆங்கிலேய அளவில் அந்த உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மில்லிமீட்டர். ஒரு எழுத்து மயிரிழை தாழ்ந்தாலும் அந்த இடம் தாளில் வெளுத்துப் போகும். மயிரிழை உயர்ந்தால் தாளைக் குத்தும்.

உலோகம் காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்தது. காரீயம் மலிவு, சுலபமாக உருகும், ஆனால் மெத்தென்று இருக்கும். ஆன்டிமனி அதற்குக் கடினம் தரும், ஆறும்போது சுருங்குவதையும் குறைக்கும். வெள்ளீயம் நுணுக்கமான முனை வரைக்கும் ஓடச் செய்யும். தேய்ந்த எழுத்தை மறுபடி உருக்கி வார்க்கலாம். குட்டன்பர்க்கே இதே செம்புத் தாய் அச்சைப் பயன்படுத்தினாரா என்பதில் 2001 முதல் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் அச்சடித்த தாளில் ஒரே எழுத்து இடத்துக்கு இடம் சற்று மாறித் தெரிவதே காரணம்.

மலையில் இந்தத் தொழிலுக்குத் தனிச் சங்கடமும் உண்டு. காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் எந்திரங்களின் மை உருளை வஜ்ஜிரப் பசையும் வெல்லப்பாகும் கலந்து செய்தது. மழைக்காலத்து ஈரத்தில் இளகும், மார்கழிக் குளிரில் இறுகும். மையும் குளிரில் கட்டிப்படும். தாள் ஈரம் குடித்து நீளும். உதகை போன்ற ஊரில் நல்ல அச்சு எடுத்தவர்கள் கைத்திறனோடு வானிலையையும் கற்றிருக்க வேண்டும்.

247 எழுத்துக்கு எத்தனை அச்செழுத்து?

ஆங்கிலத்துக்கு 26 போதும், தமிழுக்கு 247 வேண்டும், அதனால்தான் நாம் அச்சில் பின்தங்கினோம் என்று சொல்வது உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. உயிரில் ஔ-வை ஒ, ள என்ற இரண்டு துண்டால் சேர்க்கலாம். ஆக 11. ஆய்தம் 1.

2. புள்ளி வைத்த மெய் 18, அகரமேறிய உயிர்மெய் 18.

3. இகரமும் ஈகாரமும் எழுத்தோடு ஒட்டி வளைவதால் கி, கீ போல 36.

4. உகரமும் ஊகாரமும் ஒவ்வொரு எழுத்திலும் வடிவம் மாறுவதால் கு, கூ போல 36.

5. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என்று தனித் துண்டுகள் 4.

மொத்தம் 124. மீதி எல்லாம் இவற்றைச் சேர்த்தாலே வந்துவிடும். ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என மூன்று துண்டு. இதோடு கிரந்த எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் இலக்கங்களும் சேரும். சரி, குட்டன்பர்க் தம் பைபிளுக்கு எத்தனை விதத் துண்டுகள் வைத்திருந்தார்? கூட்டெழுத்து, சுருக்கக் குறி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 290. ஆக, எழுத்து எண்ணிக்கை தமிழுக்குத் தடையாக இருக்கவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு எழுத்தையே மாற்றியது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்தலாகும் என்பதால் புள்ளி இடாமலே எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்து க-வா க்-கா என்று அறிவார். அச்சில் புள்ளி நிலைத்தது. எகர ஏகாரத்துக்கு வீரமாமுனிவர் வகுத்த வேறுபாடும் அச்சின் வழியே பொதுவானது. ணா, றா, னா ஆகியவை ஒரு காலத்தில் காலைத் தனியே நிறுத்தாமல் சுழித்துச் சேர்த்த வடிவில் இருந்தன. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருந்தது. இந்த ஏழுக்கும் தனியாக வார்க்க வேண்டும், கேஸில் தனி அறை வேண்டும். பெரியார் 1935-ல் ‘குடி அரசு’ இதழில் அவற்றை விட்டுவிட்டு, உள்ள துண்டுகளைக் கொண்டே கோர்க்கச் செய்தார். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978-ல்.

கொல்லம் முதல் சென்னை வரை: கேஸ் யாருடையது?

இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சாகி நம் கையில் கிடைத்திருப்பவற்றில் முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. கொல்லத்தில் 1578 அக்டோபர் 20-ல் வெளிவந்த 16 பக்கப் புத்தகம். ஆக்கியவர் அண்டிறீக்கு அடிகளார் எனப்பட்ட போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சானது.

பெருமைப்படலாம், நியாயமே. ஆனால் அந்தத் தாய் அச்சுகளை வைத்திருந்தது திருச்சபை. சபையின் தேவை முடிந்தபோது அச்சும் ஓய்ந்தது. 1700களின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளைத் தருவித்தே தொழிலைத் தொடங்க வேண்டியிருந்தது. அவை பெரியவை, தாளைத் தின்றன. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த உறையின் ஈயம் அதற்கு உதவியது. 1715-ல் புதிய ஏற்பாடு முடிந்தது. 1761-ல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது அங்கிருந்த அச்சு எந்திரம் போர்க்களப் பொருளாகச் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் பாதிரியார் ஃபப்ரீசியஸ் பொறுப்பில் அமர்ந்தது.

இப்படி 230 ஆண்டுக்கு மேல் தமிழ் அச்சு இருந்தும் சங்கத் தமிழ் ஓலையில்தான் கிடந்தது. திருக்குறள் அச்சேறியது 1812-ல். இந்தியர் அச்சகம் நடத்துவதில் இருந்த கட்டுப்பாடுகளை 1835-ல், மெட்காஃப் தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்துச் சட்டம் நீக்கியது. அதற்குப் பின்பு வேகத்தைப் பாருங்கள். ஆறுமுக நாவலர் 1849-ல் யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடம் வைத்தார். 1887-ல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு. சிந்தாமணிக்கு முன்கூட்டியே கையொப்பம் சேர்த்துப் பணம் திரட்டினார் அவர். பி ஷெங் காலத்துக் கணக்கேதான்: எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாமல் எழுத்தைக் கோர்க்க முடியாது.

மலை ஏறிய எழுத்து

நீலகிரிக்கு அச்சு தாமதமாகத்தான் வந்தது. காரணங்களை இப்படி அடுக்கலாம்.

1. எடை. ஒரு கேஸ் நிறைய எழுத்து என்றால் ஒரு ஆள் சிரமப்பட்டுத் தூக்கும் ஈயம். எந்திரம் வார்ப்பிரும்பு. ரயில் குன்னூருக்கு 1899-லும் உதகைக்கு 1908-லும்தான் வந்தது. அதுவரை எல்லாம் மலைப்பாதையில் வண்டியிலும் தலைச்சுமையிலும் ஏற வேண்டும்.

2. வாங்குவோர். உதகையில் ஆங்கிலப் பத்திரிகை நடந்தது, ஏனென்றால் அதைப் படிக்க வெள்ளைக்காரர் இருந்தார்கள். மலையைப் பற்றி எழுதப்பட்ட கனமான நூல்கள் சென்னையிலும் லண்டனிலும் அச்சாயின.

3. எழுத்து. மலையின் மூத்த குடிகளான தோடர், கோத்தர், படுகர், இருளர், குறும்பர் மொழிகளுக்குத் தனி எழுத்து கிடையாது. பாட்டாகவும் கதையாகவும் வாயில் வாழ்ந்தவை அவை. அச்சுக்கு வரும்போது, அச்சகத்தில் எந்த எழுத்து இருந்ததோ அதற்குள் நுழைய வேண்டியதாயிற்று.

மூன்றாவது காரணத்தின் விளைவு ஆழமானது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லூக்கா சுவிசேஷம் படுகர் மொழியில் அச்சானது. அச்சான இடம் மங்களூர், அடித்தது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பேசல் மிஷன் என்னும் கிறித்தவ சபை, எழுத்து கன்னடம். நீலகிரியின் கேத்தியில் அவர்கள் வேலை செய்தாலும் அவர்களுடைய அச்சகம் மங்களூரில் இருந்தது. அதே நூற்றாண்டின் இறுதியில் தோடர் மொழியில் சுவிசேஷப் பகுதி வந்தபோது எழுத்து தமிழ். அடுத்தடுத்த குன்றில் வாழும் இரண்டு மக்களின் மொழி இரண்டு வேறு எழுத்தில் போய் உட்கார்ந்தது. மொழிகளின் இயல்பு இதைத் தீர்மானிக்கவில்லை, எந்தச் சபையின் அச்சகம் எந்த ஊரில் இருந்தது என்பதே தீர்மானித்தது.

தோடர் மொழியை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். ல சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் மூச்சை மட்டும் பக்கவாட்டில் ஊதிப் பாருங்கள். அது தோடர் மொழியில் தனி ஒலி. சாதாரண ல-வுக்குப் பதில் அதைப் போட்டால் சொல்லே வேறாகும். நாக்கு நுனி நடுங்கும் ர போன்ற ஒலிகள் அங்கே மூன்று. உதட்டைக் குவித்துக்கொண்டு இ, எ சொல்வது போன்ற உயிர்களும் உண்டு. க-வுக்கும் அதன் உரசொலிக்கும் வேறுபாடு உண்டு. தமிழ்க் கேஸில் இவை எதற்கும் அறை இல்லை. கோர்ப்பவர் பக்கத்தில் உள்ளதை எடுத்துப் போட்டிருப்பார். படிப்பவர் காதுக்கு அது தன் மொழி போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும்.

வழியே இல்லையா என்றால், இருந்தது. தமிழ் எழுத்தில் அச்சான சமஸ்கிருத சுலோகப் புத்தகங்களில் க, ச, த, ப பக்கத்தில் 2, 3, 4 என்று பொடி எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடமொழி ஒலிகளைக் காட்ட அச்சகங்களே கண்ட ஏற்பாடு அது. அந்தப் புத்தகங்களை வாங்க ஆயிரமாயிரம் வீடுகள் இருந்தன. தோடர் மொத்தமே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்.

அவர்களுடைய ஒலிகள் முழுமையாகத் தாளில் ஏறியது மொழியியலாளர் எமனோ வழியாக. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியில் கோத்தர், தோடர் மொழிகளைக் காது கொடுத்துக் கேட்டு எழுதினார். கோத்தர் கதைகள் 1940களில் கலிஃபோர்னியாவிலும், தோடர் பாடல்கள் 1971-ல் ஆக்ஸ்ஃபோர்டிலும் அச்சாயின. எழுத்து ரோமன், மேலும் கீழும் குறிகள் இட்டது. ஒலிக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் பாடியவர்களின் வீட்டில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்க, ஆங்கிலமும் அந்தக் குறிகளும் தெரிய வேண்டும்.

ஈயம் இறங்கிய பிறகு

ஆஃப்செட்டில் எழுத்து உலோகத்தில் நிற்பதில்லை. முதலில் பக்கம் ஃபிலிமில் படமாகி, அங்கிருந்து தட்டுக்குப் போனது. அந்த மாற்றத்துக்கு வேண்டிய அச்சுத்துறை ஃபிலிமைத் தயாரித்த ஆலைகளில் ஒன்று உதகையிலேயே இருந்தது. இந்து நகரில் 1960-ல் அமைத்து, 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் அது. பின்னர் ஃபிலிமே இல்லாமல் கணினியிலிருந்து நேரே தட்டுக்கு எழுத்து போக, அந்த ஆலையும் மூடப்பட்டது. சிறு அச்சகங்களின் ஈயம் கிலோக் கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போனது. டிரெடில் மட்டும் பல ஊர்களில் மூலையில் நிற்கிறது. எண் போடவும், கிழிக்கும் இடத்தில் ஓட்டை வரிசை குத்தவும், கல்யாணப் பத்திரிகையில் மடிப்புக் கோடு இழுக்கவும் அது இன்னும் வேண்டியிருக்கிறது.

கணினி அச்செழுத்தை ஒழித்துவிடவில்லை, அதன் தருக்கத்தை எடுத்துக்கொண்டது. யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கான கணினிப் பதிவேடு. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். கேஸின் அறைகளைப் போலவேதான். ஒரு வித்தியாசம் உண்டு. ‘கெ’ கோர்க்கும்போது கம்பாசிட்டர் கொம்பை முதலில் எடுப்பார். யூனிகோடு க-வை முதலில் வைத்துக் கொம்பை அப்புறம் சேமிக்கிறது, திரையில் காட்டும்போது மாற்றிக் காட்டுகிறது. பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பைத் திறந்தால் எழுத்துகள் குழம்பித் தெரிவதற்கு ஒரு காரணம், அவற்றில் பல கம்பாசிட்டர் வரிசையைப் பின்பற்றியவை என்பது.

இப்போது புது எழுத்துக்கு ஈயம் வேண்டாம், மலைமேல் தூக்கவும் வேண்டாம். பதிவேட்டில் ஒரு எண் வேண்டும். குரலில்லாமல் ஊதும் அந்த ல-வுக்கு ரோமன் பகுதியில் எண் இருக்கிறது. தமிழ்ப் பகுதியில் இல்லை.